வாயிலில் நிற்கிறான் சிறுவன்!



"இடமில்லை" — இந்த ஒரு சொல்லை இந்த நாடு எத்தனை குரலில், எத்தனை காலம் கேட்டிருக்கிறது என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோயில் வாயிலில் கேட்டது, குளக்கரையில் கேட்டது, உணவு விடுதியின் முன்கூடத்தில் கேட்டது, பள்ளிக்கூடத்துத் திண்ணையிலும் கேட்டது. கேட்டவர் கிளர்ந்தெழுந்தனர், சொன்ன வாய்கள் ஒவ்வொன்றாய் அடைபட்டன, சட்டம் பிறந்தது, கதவு திறந்தது. அந்தச் சொல் செத்தொழிந்தது என்றெண்ணி, அதற்குக் கருமாதி நடத்தவும் நம்மிலே சிலர் ஆயத்தமாகிவிட்டனர். அவசரம் வேண்டாம்! அந்தச் சொல் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மெல்லப் பேசுகிறது, குளிர்பதன அறையில், மெத்தை நாற்காலியில் அமர்ந்து, புன்முறுவலோடு பேசுகிறது. எவரை நோக்கித் தெரியுமா? ஆறு வயதுச் சிறுவனை நோக்கி! திருப்பி ஒரு சொல் உரைக்க இயலாத சிறுவனை நோக்கி!

ஆட்டிசம் என்ற பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இல்லத்திலோ, எதிர் வீட்டிலோ, மாமன் மகள் வீட்டிலோ அப்படி ஒரு குழந்தையைக் கண்டுமிருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கு, 127 பேரில் ஒருவர் இந்நிலையினர் என்கிறது. அப்படியெனில், நம் பொதுக்கூட்டத்துக்கு வந்து தரையில் அமரும் ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேர்! நமக்குத் தெரியாமல் போனதேன்? எண்ணப்படாததால் தெரியவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக்கு ஒரு கட்டம் இருந்தது. செவிக்கு ஒரு கட்டம் இருந்தது. நடமாட்டத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. ஆட்டிசத்துக்கெனத் தனிக் கட்டம் இருந்ததில்லை. கட்டம் இல்லாதவனுக்குக் கணக்கில்லை; கணக்கில்லாதவனுக்கு நிதியில்லை; நிதியில்லாதவனுக்கு ஆசிரியரில்லை. ஒரு வெற்றுத்தாளின் கோட்டில் தொடங்கும் கொடுமை, பள்ளி வாயிலில் வந்து முடிகிறது!

1943ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் குழந்தைகளின் மனநல மருத்துவராயிருந்த லியோ கேனர், தாம் கண்ட 11 குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். அடுத்த ஆண்டிலேயே வியன்னா நகரத்து ஹான்ஸ் ஆஸ்பெர்கர், ஏறத்தாழ அதே பாங்குடைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். சூழ இருப்போருடன் மற்றக் குழந்தைகள் பழகும் முறையில் பழகாத, செய்ததையே மீண்டும் செய்வதில் அமைதி காணுகிற, சிறு மாற்றம் கண்டாலும் சீறிக் கலங்குகிற குழந்தைகள். நோய் என்று மருந்து கொடுத்துத் தீர்ப்பதற்கில்லை. பிறவியிலேயே மூளை வளர்ச்சி வேறு வழியில் செல்வதால் வரும் நிலை. சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் ஓயாமல் பேசுவார்கள். சிலருக்கு அறிவு வளர்ச்சியும் குன்றியிருக்கும். சிலருக்கு ஆசிரியரையே திகைக்க வைக்கும் நினைவாற்றல் இருக்கும். ஒருவரைப் பார்த்து மற்றவரை அளக்க முடியாது. பெண் குழந்தைகளோ, "அடக்கமான பெண்" என்ற பாராட்டுக்குள்ளேயே மறைக்கப்பட்டு, கண்டறியப்படாமலே வளர்ந்துவிடுவதுமுண்டு!

தமிழில் இதற்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர்களைப் பாருங்கள். மதியிறுக்கம் என்கிறார்கள், மன இறுக்கம் என்கிறார்கள், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று அரசுத் தாள்களிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சொல்லை நம்பிப் பிழைப்பவன் என்ற முறையில் கேட்கிறேன்: புற உலகச் சிந்தனை அவனுக்கா இல்லை? குழல்விளக்கு எழுப்பும் மெல்லிய இரைச்சலை நீங்களும் நானும் கேட்பதேயில்லை, அவன் கேட்கிறான். சட்டையின் கழுத்துப்பட்டியில் தைத்திருக்கும் சிறு துணித்துண்டு நம் முதுகை உறுத்துவதேயில்லை, அவனைக் கிள்ளுகிறது. பள்ளி மணி நமக்கு வெறும் மணி. அவன் காதில் அது இடி! புற உலகம் அவனுக்குள் இல்லாமற் போகவில்லை, தோழர்களே. கதவை உடைத்துக்கொண்டு வெள்ளமாய்ப் புகுகிறது. அதனாற்றான் காதைப் பொத்துகிறான். கைகளை உதறுகிறான். மேசைக்கடியில் போய் ஒளிகிறான். அதைக் கண்டவர்கள் "அடங்காப்பிடாரி" என்கிறார்கள்!

அடங்காப்பிடாரி என்ற பட்டம் பிள்ளைக்கு. தாய்க்கு என்ன பட்டம்? அந்த வரலாறு இன்னும் கொடிது. பல பத்தாண்டுகள், மேலைநாட்டு அறிஞர் பெருமக்களே, தாயின் நெஞ்சில் ஈரமில்லாததால்தான் குழந்தை இப்படி ஆயிற்று என்று தீர்ப்பெழுதினர். 1967இல் கூட புரூனோ பெட்டல்ஹைம் என்பார் அதையே வலியுறுத்திப் பெருநூல் எழுதினார். நூல் விற்றது, தாய்மார்கள் வெந்தனர். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1964இல், பெர்னார்டு ரிம்லண்டு என்ற உளவியலறிஞர் — தாமே இத்தகைய மகனின் தந்தை — இது உடலிலும் மூளையிலும் வேர்கொண்ட நிலை. தாயின் குற்றமன்று என்று சான்றுகளோடு நூல் எழுதியிருந்தார். 1998இல் லண்டனிலிருந்து இன்னொரு பழி புறப்பட்டது: தடுப்பூசியால் வந்தது என்று! அந்தக் கட்டுரையை வெளியிட்ட ஏடே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற செய்தி நம் தெருமுனைக்கு இன்னும் வந்து சேரவில்லை. புளுகு மட்டும் வந்து சேர்ந்துவிட்டது! இங்கேயோ நமக்கென உள்ளூர்ச் சரக்கு வேறு இருக்கிறது. "முன்வினை" என்பார் ஒருவர். "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்பார் மற்றொருவர். சற்றே படித்தவரானால், "கைப்பேசியைக் கையில் கொடுத்தாள், வேலைக்குப் போனாள்" என்பார். முன்வினையும் கைப்பேசியும் வேறு வேறு ஏடுகளிலிருந்து வந்தாலும் முடிவு ஒன்றே: குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் தாய்!

அந்தத் தாய் பள்ளிக்கூடம் செல்கிறாள். நான் நாடகக்காரன், அந்தக் காட்சியை உங்கள் முன் நிறுத்துகிறேன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். எந்த ஊருக்கும் பொருந்தும்.

தாய்: ஐயா, என் மகனைச் சேர்க்க வந்திருக்கிறேன்.

தாளாளர்: அதற்கென்னம்மா! தம்பி, உன் பெயரென்ன?

(சிறுவன் சுவரில் ஆடும் நாட்காட்டியைப் பார்க்கிறான்.)

தாளாளர்: பேசமாட்டானா?

தாய்: நேரமாகும் ஐயா. எழுத்தெல்லாம் தெரியும்.

தாளாளர்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. எங்களுக்கு ஆட்சேபணை ஏதுமில்லை. மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்கள்? அவனுக்கென்றே சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன. அவன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.

தாய்: அது 30 கல் தொலைவில் இருக்கிறது ஐயா.

தாளாளர்: அல்லது, அவனோடு நாள் முழுதும் இருக்க நீங்களே ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் உங்கள் பொறுப்பு. கட்டணத்தில் குறைக்க இயலாது.

கவனித்தீர்களா, தோழர்களே? ஒரு கடுஞ்சொல் உண்டா? இல்லை! "ஆட்சேபணை இல்லை" என்றார். "அவன் நன்மைக்கு" என்றார். கத்தியைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார். தாய் வெளியே வருகிறாள், அடுத்த பள்ளி, அதற்கடுத்த பள்ளி. ஐந்தாவது பள்ளியில், "அவன் பேசத் தொடங்கியபின் அழைத்து வாருங்கள்" என்கிறார்கள்.

பேசத் தொடங்கியபின்! இந்த வாசகத்தை ஒரு கணம் எடுத்து உரைத்துப் பாருங்கள். 1956இல் இந்த நாட்டுப் பள்ளிகளில் நண்பகல் உணவுத் திட்டம் பரந்துபட்டுத் தொடங்கியபோது, பசித்த பிள்ளையைப் பார்த்து, "பசி தீர்ந்தபின் பள்ளிக்கு வா" என்றா சொன்னார்கள்? 1982இல் அது சத்துணவாக விரிந்தபோதோ, 2022இல் காலை உணவும் சேர்ந்தபோதோ, எவரேனும் அப்படிச் சொன்னதுண்டா? பசிதான் தடை என்றால் பள்ளியிலேயே சோறு ஆக்கினோம். சீருடை இல்லாததுதான் தடை என்றால் துணி கொடுத்தோம். தொலைவு தடை என்றால் மிதிவண்டி கொடுத்தோம். பிள்ளையின் முட்டுப்பாட்டைக் கண்டு பள்ளிதான் தன்னை மாற்றிக்கொண்டதே தவிர, முட்டுப்பாட்டை வீட்டில் விட்டுவிட்டு வா என்று பிள்ளையை விரட்டவில்லை. கட்சிகள் மாறின, முதலமைச்சர்கள் மாறினர். இந்த ஒரு முறைமை மாறவில்லை. இது இந்த மண்ணின் பெருமிதம். பேச்சு வராத பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்த முறைமை தலைகீழாகிறது? பேச்சைக் கற்க வேண்டிய இடமே பள்ளிதானே! நீந்தத் தெரிந்தபின் குளத்தில் இறங்கு என்கிறவன் நீச்சல் ஆசானா, குளத்துக்குக் காவற்காரனா?

சட்டம் என்ன சொல்கிறது? இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று நான் வேண்டுவேன். மேடையில் முழங்குவதற்காக அன்று, தலைமையாசிரியர் அறையில் அமைதியாக எடுத்துரைப்பதற்காக.

1995இல் இயற்றப்பட்ட ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகையினர் இடம்பெற்றனர், ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் முதன்முதல் அந்தப் பெயரைச் சட்ட ஏட்டில் ஏற்றியது. பின்னர் வந்தது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகை 21 ஆயிற்று. ஆட்டிசமும் அதில் ஒன்று. அதன் 16ஆவது பிரிவு, அரசின் நிதியுதவி பெறும் பள்ளிக்கு மட்டுமன்றி, அரசின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டளையிடுகிறது: வேறுபாடு காட்டாது சேர்த்துக்கொள், பிள்ளைக்குத் தக்க வசதி செய்துகொடு, தனித்தனியே வேண்டிய துணை கொடு, அவன் கற்றலையும் முன்னேற்றத்தையும் கவனித்து வா. "எங்களுடையது தனியார் பள்ளி" என்போருக்கு அங்கேயே பதில் இருக்கிறது. அங்கீகாரம் வேண்டுமா? அப்படியானால் இந்தப் பிள்ளையும் வேண்டும்!

31ஆவது பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோராய்ச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நிற்கிறது; இது 18 வரை செல்கிறது. அருகிலிருக்கும் பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வு பிள்ளைக்கு உரியது. இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். சிறப்புப் பள்ளி சிலருக்குத் தேவை. அங்கே தொண்டு செய்வோர் வணக்கத்துக்குரியோர். ஆயின், அங்கே அனுப்பும் உரிமை தாளாளருக்குத் தரப்படவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையிடமும், அவன் சார்பில் பெற்றோரிடமும் இருக்கிறது. ஒருவர் விரும்பி வேறிடம் போவதும், கழுத்தைப் பிடித்து வெளியேற்றப்படுவதும் ஒன்றாகுமா? நானும் கல்லூரியை இடையில் விட்டவன்தான். எனக்குக் கதவு திறந்திருந்தது, இருக்கை இருந்தது, பெயர்ப் பதிவேட்டில் பெயர் இருந்தது. என் காலால் நடந்து வெளியே வந்தேன். இந்தச் சிறுவனுக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு வரி கிடைக்கவில்லையே!

சான்றிதழ் என்றதும் இன்னொரு சூழ்ச்சி நினைவுக்கு வருகிறது. "மருத்துவச் சான்று வந்தபின் வாருங்கள்" என்பார்கள். நம் நாட்டில் ஆட்டிசத்தை அளக்க 40 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது; அரசு மருத்துவமனையில் அதைக் கொண்டு பார்த்துத்தான் சான்று தருவர். அதற்கு நாள் குறித்து, நடந்து, அட்டை கையில் வருவதற்குள் கல்வியாண்டே கழிந்துவிடலாம். 31ஆவது பிரிவுக்குத்தான் 40 விழுக்காடு வேண்டும். சேர்க்கச் சொல்லும் 16ஆவது பிரிவு விழுக்காடு எதையும் கேட்கவில்லை. சான்றுக்கு அலைவது ஒருபுறம் நடக்கட்டும்; சேர்க்கை மறுபுறம் நடந்தாக வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் துணை நிற்கிறது. 2012இல் செய்த திருத்தத்தால், மாற்றுத்திறன் குழந்தைகள் நலிந்த பிரிவினருள் சேர்க்கப்பட்டனர். தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்துக்கு அவர்களும் உரியர். பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுதல் கூடாது; மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, பின்னர் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை தண்டம். "தம்பி, உன் பெயரென்ன?" என்று சோதித்தாரே தாளாளர், அந்தக் கேள்விக்கு விலை 25,000! தொடக்கக் கல்வி முடியும்வரை எப்பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது, அடிக்கக் கூடாது, மனத்தைப் புண்படுத்தக் கூடாது. இத்தனையும் எழுதியிருக்கிறது. எழுதிய மை உலர்ந்து ஆண்டுகள் பல ஆயின.

பிற நாட்டிலும் சட்டம் மட்டும் வந்தவுடன் கதவு திறந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை "கல்வி புகட்டத் தகாதவர்" என்று முத்திரை குத்திப் பிள்ளைகளை ஒதுக்கி வைத்திருந்தனர். அமெரிக்காவில் 1975இல் சட்டம் வந்தது. ஆனாலும் 42 ஆண்டு கழித்து, கொலராடோ மாநிலத்து எண்ட்ரூ என்ற சிறுவனின் பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே குறிக்கோளை மறுபடி மறுபடி எழுதிவைத்துக்கொண்டு, "ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் இருக்கிறதே, போதாதா?" என்றது பள்ளி. போதாது என்றனர் நீதிபதிகள், 2017இல், ஒருமனதாக. பெயருக்கு வகுப்பில் உட்கார வைத்தல் கல்வியாகாது; அந்தப் பிள்ளையின் நிலைக்கேற்ப முன்னேற்றம் விளைவிக்கும் திட்டம் வேண்டும் என்றனர். நாமும் இதை நினைவிற்கொள்ள வேண்டும். சேர்த்துக்கொண்டுவிட்டு, கடைசி வரிசை மூலையில் மெழுகுக் குச்சிகளைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டால், வாயிலில் சொன்ன "இடமில்லை" வகுப்பறைக்குள் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே!

இங்கே ஆசிரியர் கேட்பார்: "40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் ஒருத்தி என்ன செய்வேன்?" நேர்மையான கேள்வி. அவர்மீது பாய்வது மடமை. நம் சினம் செல்ல வேண்டிய திசை வேறு. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கைத்தான் ஆராய்ந்தது. சிறப்பாசிரியர்களுக்கு அளவு குறியுங்கள் என்று ஆணையிட்டு, அதுவரை ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஐவருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தைக் கொள்ளச் சொன்னது. 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த அளவோ, தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15க்கு ஒருவர். சரி, அதுவேனும் நடந்ததா? 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மாநிலங்களையெல்லாம் பார்த்து, சிறப்பாசிரியர் பணியிடங்களை வகுத்து அறிவியுங்கள் என்று மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது!

நம் மாநிலத்தில் வட்டார வள மையங்களிலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் ஊர் ஊராகச் செல்கிறார்கள். தொகுப்பூதியத்தில், பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் அலைந்து, ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளையிடம் வாரத்தில் ஒரு நாள் வந்து சேர்ந்தாலே பெரிது. அவர்தம் ஊதியம் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியை, 2024–25ஆம் ஆண்டில், வேறொரு திட்டத்தில் கையொப்பமிட்டால்தான் தருவோம் என்று ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததும், 2025 மே மாதத்தில் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தின் படியேறியதும் நீங்கள் அறிந்தவை. தில்லியின் பிடிவாதத்தால் மிகுந்த வேதனை அடைந்தவர்களுள் பேச்சு வராத பிள்ளைகளும் இருந்தனர் என்பதை நம் மேடைகள் போதிய அளவு சொல்லவில்லை. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வேன்: நிரந்தரப் பணியிடமாக்கும் பொறுப்பு மாநிலத்துடையது. அதைக் கேட்க நாம் கூசுதல் ஆகாது. நம்மவர் ஆண்டாலும், மாற்றார் ஆண்டாலும்.

பணம் வேண்டாத வேலைகளும் இருக்கின்றன. தஞ்சைத் தரணியில் நம் கூட்டங்களுக்கு விளக்கு அமைக்கும் மின்பணித் தோழர் ஒருவரை அறிவேன். அவர் மகனுக்கு ஆறு வயது. பேச்சு இரண்டு மூன்று சொற்கள். ஆயின் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்றால், எந்த வண்டி எந்த ஊர் வழியாகச் செல்கிறது என்பதைப் பலகை பார்த்தே விரல் நீட்டிக் காட்டிவிடுவான். கட்டணப் பள்ளி ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டு, மூன்று வாரத்தில், "மற்றப் பெற்றோர் விரும்பவில்லை" என்று திருப்பி அனுப்பியது. பின்னர் ஊரிலேயே உள்ள நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தான். அங்கிருந்த ஆசிரியை தனிப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். சிறப்புப் பயிற்றுநர் வந்த நாளில் அருகிருந்து கேட்டுக்கொண்டார், கேட்டதைச் செய்தார். மணிக்குத் தொலைவாக, சன்னலோரம் அவனுக்கு இடம். அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து, பழைய அட்டையில் ஒட்டி, அவன் கண்ணெதிரே மாட்டினார்: பாட்டு, எழுத்து, சோறு, விளையாட்டு, வீடு. ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே திருப்பி வைப்பான். அடுத்து என்ன வருமென்று தெரிந்தபின் அலறல் பெருமளவு குறைந்தது. மணி அடிக்குமுன் அவன் தோளருகே வந்து "மணி" என்று மெல்லச் சொல்வாள் பக்கத்து இருக்கைச் சிறுமி, அவன் காதைப் பொத்திக்கொள்வான், மணி அடிக்கும், கையை எடுப்பான். பேருந்துப் பலகைகளைக் கொண்டே எழுத்துக் கற்பித்தார். பாபநாசமும் வல்லமும் எழுதுகிறான். எல்லாம் இனிதாய் முடிந்ததா என்றால், இல்லை. இன்றும் மற்றவர் உண்டு எழுந்தபின்னர்தான் உண்கிறான். ஆசிரியை விடுப்பெடுத்த நாளில் அவனும் பள்ளிக்குப் போவதில்லை. ஆறாம் வகுப்பு வந்தால் ஆசிரியர் பாடத்துக்கொருவராய் மாறுவரே, என்ன செய்வது என்று தந்தை இப்போதே உறங்காதிருக்கிறார். அந்த அட்டையின் விலை என்ன தோழர்களே? அதற்கு எந்த ஆணை வரவேண்டும்?

ஒன்று எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. "ஊனமுற்றோர்" என்பதை மாற்றி "மாற்றுத்திறனாளி" என்றோம். நன்று, மிக நன்று. ஆனால் நம் நாடக மேடையிலும் வெள்ளித்திரையிலும், சிரிப்புக்கென்று ஒரு திக்குவாயனும், ஒரு "அரைவேக்காடு"ம் இன்னும் வந்துபோகிறார்களே! எதிர்க்கட்சித் தலைவரைத் தாக்க நினைக்கும் பேச்சாளருக்குப் "பித்துக்குளி"யைத் தவிர வேறு உவமை கிடைக்கவில்லையே! இவ்வளவு வளமுள்ள மொழியை வைத்துக்கொண்டு, வகுப்பறையில் கேலிக்கு ஆளாகும் ஒரு பிள்ளையின் துயரைத்தானா கடன் வாங்க வேண்டும்? வசைக்கும் தரம் வேண்டாமா?

இனி வேலை. கிளைக்குக் கிளை நமக்குப் படிப்பகம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறது. வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கத் தெரிந்த நமக்கு, பள்ளி செல்லாதிருக்கும் பிள்ளையைக் கண்டறிவது பெரிய காரியமன்று. கதவு சாத்திய வீடுகளை உற்று நோக்குங்கள். "யாரும் பார்த்துவிடுவார்களோ" என்று பிள்ளையை உள்ளறையில் வைத்திருக்கும் வீடுகள் அவை. அதிர்ந்து பேசாதீர்கள், அறிவுரை கூறாதீர்கள், கூட்டமாய்ப் போகாதீர்கள். மகளிர் அணித் தோழியர் ஒருவர் போனால் போதும். குழந்தை உங்களை நிமிர்ந்து பார்க்கவில்லையென்றால் மனம் நோகாதீர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய பங்கு வேண்டும் என்பது சட்டம். இந்தத் தாய் அதில் உறுப்பினராகட்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது அந்தக் குழுவின் கடமை. பள்ளிக்கு வேண்டும் பணத்தைக் கேட்பதற்கு அதுதான் அடிப்படை. அதிலே சுற்றுச்சுவரும் வண்ணப்பூச்சும் இடம்பெறட்டும். சிறப்புப் பயிற்றுநரின் வருகை நாட்களும், இரைச்சலில்லாத ஒரு சிறு மூலையும் இடம்பெறட்டும். ஊராட்சி உறுப்பினராய், நகர்மன்ற உறுப்பினராய் இருக்கும் தோழர்கள் கவனிக்க: கல்வி உரிமைச் சட்டப்படி முறையீட்டைப் பெற்று, இரு தரப்பையும் கேட்டு, மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டியது உள்ளாட்சி அமைப்பு. அங்கே நியாயம் கிடைக்காவிடில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இக்குழந்தைகளின் சேர்க்கைக்கெனப் பொறுப்பு அலுவலர் ஒருவர் அமர்த்தப்பட வேண்டுமென்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அவர் யார், எந்த அறையில் அமர்கிறார் என்று கேட்டு, அந்தப் பெயரைப் படிப்பகத்துப் பலகையில் எழுதி வையுங்கள்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பை எட்டிய பிள்ளைகளின் வீட்டுக்கும் செல்லுங்கள். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் பொதுத்தேர்வில் உண்டு. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்தவருக்குத்தான் உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரம் ஓடிப் பயனில்லை.

பள்ளியில் சேர்க்கை கேட்கச் செல்லும்போது தாயைத் தனியே அனுப்பாதீர்கள். உடன் செல்பவர் ஒருவர் போதும். துண்டு வேண்டாம், கொடி வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம். விண்ணப்பத்தை இரண்டு படியாக எழுதுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவையும் 31ஆவது பிரிவையும் அதிலேயே குறிப்பிடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் நாளும் முத்திரையும் கேளுங்கள். தர மறுத்தால் பதிவு அஞ்சலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். "இடமில்லை" என்று வாயால் சொல்பவரிடம், அதையே தாளில் எழுதித் தருமாறு பணிவோடு கேளுங்கள். பெரும்பாலோர் எழுதித் தரமாட்டார்கள். நாற்காலி ஒன்றைத் தேடத் தொடங்குவார்கள்.